படம் எடுப்பதற்கு முன் கேள்வி கேட்போம்



சில மாதங்களுக்கு முன்பு, விக்கிரவாண்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர் என் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வயது ஐம்பதுக்குச் சற்று மேல். மனைவியும் மகனும் இருபுறமும் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தனர். மகன் தோளில் ஒரு பெரிய துணிப்பை தொங்கியது. எட்டு மாதங்களுக்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் எடுக்கப்பட்ட மூன்று எம்.ஆர்.ஐ. படங்கள் அதில் இருந்தன. "எல்லாத்தையும் கொண்டாந்துட்டோம் சார், பார்த்துச் சொல்லுங்க" என்று மேசைமீது அடுக்கினார். மூன்றாவது படத்துக்காகத் தாயின் தோடு அடகுக்குப் போயிற்று என்பதையும் தயக்கத்தோடு சொன்னார்.

நான் படங்களை ஒருபுறம் வைத்துவிட்டு அந்தப் பெரியவரைப் பேசச் சொன்னேன். முதல் நாள் வலி எப்போது வந்தது? கட்டுத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது என்றார். வலி காலுக்கு இறங்கியதா? இல்லை. காய்ச்சல், எடைக் குறைவு? இல்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் சிக்கல்? இல்லை. படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பார்த்தேன். முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டிப் பார்த்தேன். பாதத்தின் வலுவைச் சோதித்தேன். எல்லாம் சீராகவே இருந்தன. பின் ஏன் எட்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்று கேட்டேன். "ஜவ்வு விலகிடுச்சுன்னு ரிப்போர்ட்டுல இருக்குதுங்களே சார். குனிஞ்சா நரம்பு அறுந்துடும்னு சொன்னாங்க. அதான் படுத்தே கெடக்கறேன்" என்றார்.

அவரைப் படுக்கவைத்தது இடுப்பு வலியன்று. அறிக்கையிலிருந்த ஒரு சொற்றொடரும் அதைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வார்த்தையும்தான் அவரைப் படுக்கவைத்தன.

1994-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வை மருத்துவர்கள் பலரும் அறிவர். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலேனும் 'ஜவ்வு' என்று நாம் சொல்லும் முதுகெலும்பு இடைத்தட்டு வீங்கியிருந்தது. 27 விழுக்காட்டினருக்கு அது பிதுங்கியே இருந்தது. எல்லாத் தட்டுகளும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. 2015-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, வலியற்றவர்களிடத்தும் இருபது வயதில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்படுவதைக் காட்டியது. தலைமயிர் நரைப்பது போன்றதே இதுவும். நரையை யாரும் நோய் என்று கருதிப் படுத்துக்கொள்வதில்லை.

இதனால் எம்.ஆர்.ஐ. வீண் என்று நான் சொல்ல வருவதாக எண்ணிவிட வேண்டா. அதே மாதத்தில் வந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அவர் மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். மூன்று மாதமாக நடுமுதுகில் வலி. இடுப்புப் பட்டை அணிந்தார், தைலம் தேய்த்தார், வலி ஊசிகள் போட்டுக்கொண்டார். ஒரு ஸ்கேன் சென்டரில் கட்டணம் கேட்டுவிட்டு, "அவ்ளோ காசுக்கு எங்க போறது" என்று திரும்பிவிட்டாராம். எழுந்து போகும் தறுவாயில், "சாயங்காலமானா லேசாக் குளிர் காய்ச்சலாட்டம் வருது சார். ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றார். அவரை மீண்டும் உட்காரவைத்தேன். முழங்காலில் தட்டியபோது கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளியது. தண்டுவடம் எங்கோ அழுத்தப்படுகிறது என்பதற்கு அது அறிகுறி. மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. முதுகெலும்பில் காசநோய், சீழ்க்கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அவர் கையிலிருந்து பணம் செலவாகவில்லை. காசநோய் மருந்துகளை அரசு இலவசமாகவே தருகிறது. இன்று அவர் நடக்கிறார். இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் இரு கால்களும் செயலிழந்திருக்கக்கூடும்.

இருவருக்கும் முதுகு வலிதான். ஒருவருக்குத் தேவையற்ற படங்கள் மூன்று. மற்றவருக்குத் தேவையான ஒரு படம் மூன்று மாதமாகக் கிட்டவில்லை. நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: எம்.ஆர்.ஐ. படம் ஒரு விடை. கேள்வி முன்னே இருந்தால்தான் விடைக்குப் பொருள் உண்டு. அந்தக் கேள்வி நோயாளர் சொல்வதைச் செவிமடுப்பதிலும் உடலைத் தொட்டுச் சோதிப்பதிலும் பிறக்கிறது. நம் பகுதியில், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், இந்த வரிசை தலைகீழாகி வருவதைக் கவலையோடு காண்கிறேன்.

இக்கருவி எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் நுண்ணிய காந்த ஊசிகளைப் போன்றவை. வலிமையான காந்தப்புலத்தில் அவற்றுள் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையில் ஒழுங்குபடுகிறது. வானொலி அலைகளைக் கொண்டு அவ்வொழுங்கைச் சற்றே கலைத்துவிட்டால், அவை மீண்டும் நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சைகைகளை வெளியிடுகின்றன. கொழுப்பு, நரம்பு, சீழ், கட்டி ஆகியவற்றில் அத்திரும்பல் வெவ்வேறு வேகத்தில் நிகழ்கிறது. அந்த வேறுபாட்டையே கணினி படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர்களுக்கு இதில் இடமில்லை. ஆகவே மூளை, தண்டுவடம், மூட்டு ஆகியவற்றின் மென்மையான பகுதிகளைக் காண இதற்கு இணையான கருவிகள் மிகக் குறைவு.

மருத்துவத்துக்குக் கிடைத்த பெருங்கொடைகளுள் இது ஒன்று. ஆயினும் பிறப்பிலேயே வணிகத்தோடு பிணைந்து வந்தது. 1895-இல் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்த ரான்ட்கன் அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். எம்.ஆர்.ஐ.யின் கதை வேறு. 1977 ஜூலை 3 அன்று ரேமண்ட் டமாடியனும் அவர் மாணவர்களும் மனித உடலின் முதல் எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்தனர், மார்பின் அந்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. டமாடியன் காப்புரிமை பெற்று நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனம் பெருநிறுவனமொன்றின்மீது வழக்குத் தொடுத்து 1997-இல் 12 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு பெற்றது. 2003-இல் இத்துறைக்கான நோபல் பரிசு பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டபோது, தாம் விடுபட்டதைக் கண்டித்து டமாடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். கண்டுபிடித்தோரிடையே தொடங்கிய அந்தக் கணக்கு வழக்கு இன்று நம் ஊர் வரை நீண்டிருக்கிறது.

அந்தக் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். பின்வருபவை எந்த மையத்தின் கணக்கும் அல்ல. விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒருவர் 6 கோடி ரூபாய் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. கருவி நிறுவுகிறார் என்று கொள்வோம். 10 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதந்தோறும் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். ஒரு படத்துக்கு 6,000 ரூபாய் கட்டணம் என்றால், தவணைக்கு மட்டுமே மாதம் 167 பேர் வர வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம், இரவு பகலாக ஓடும் குளிரூட்டி, மின்கட்டணம், ஊழியர் ஊதியம் எல்லாம் இதற்கு மேல். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலீடு செய்தவர் கடனை அடைக்கத்தான் வேண்டும்.

இப்போது, நோயாளரை அனுப்பிவைத்தவருக்கு ஒரு படத்துக்கு 1,500 ரூபாய் கமிஷன் தரப்படுகிறது என்று கொள்ளுங்கள். மையத்துக்கு மிஞ்சுவது 4,500 ரூபாய். அதே தவணையைக் கட்ட 222 பேர் வேண்டும். அதாவது, கமிஷன் ஒன்றுக்காகவே மாதந்தோறும் ஏறத்தாழ 55 பேர் கூடுதலாக அந்தக் குழாய்க்குள் படுத்தெழ வேண்டும். அவர்களுடைய நோய் அவர்களை அங்கே அனுப்பவில்லை, கணக்குதான் அனுப்புகிறது. அவர்களுள் ஒருவர் வீட்டில் ஒரு தோடு அடகுக்குப் போகிறது.

இது சட்டத்துக்கும் புறம்பானது. இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வெளியிட்ட மருத்துவர் நடத்தை விதிகள், நோயாளரை அனுப்பிவைப்பதற்காகக் கமிஷனோ பரிசோ தருவதையும் பெறுவதையும் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. நான் மேற்படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த முதலாண்டில், ஒரு ஸ்கேன் சென்டரின் ஆள் மாதக் கடைசியில் ஓர் உறையோடு என்னைக் காண வந்தார். வேண்டா என்று திருப்பித் தந்தேன். அவர் கோபப்படவில்லை, வியந்தார். "குறைச்சலா இருக்கா சார்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

ஆனால் உறையைத் திருப்பித் தந்ததாலேயே நான் தூயவன் ஆகிவிடவில்லை. கூட்டம் நிறைந்த காலைப் பொழுதுகளில், தலைவலி என்று வந்தவருக்கு 'எம்.ஆர்.ஐ. மூளை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பியதுண்டு. சீட்டு எழுத அரை நிமிடம் போதும். "உங்கள் தலைவலி ஒற்றைத் தலைவலி; தூக்கம் கெடுவதாலும் பட்டினி கிடப்பதாலும் அது கூடுகிறது; மூளையில் கட்டி இருப்பதற்கான அறிகுறி ஒன்றுமில்லை" என்று விளங்கச் சொல்லக் கால் மணி நேரம் வேண்டும். நேரமின்மையை நான் நோயாளரின் பணத்தால் ஈடு செய்தேன். கமிஷன் வாங்காமலேயே செய்த அந்தத் தவற்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் பங்கும் சிறிது உண்டு. வருத்தம் கொள்ளாமல் கேளுங்கள். "தொட்டுப் பார்த்துட்டு மாத்திரை எழுதிட்டாரு, ஒரு ஸ்கேன்கூட எடுக்கலை" என்ற குறையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில், "என்ன செலவானாலும் பரவாயில்லை, முழு ஸ்கேன் எடுத்துடுங்க" என்கிறார். அது அன்பின் குரல் என்பது எனக்குத் தெரியும். எனினும் படம் எடுப்பது மட்டுமே அக்கறை ஆகிவிடாது. படத்தைப் படிப்பவரும் மனிதரே. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகு வலியும் கால் வலியும் உடைய 63 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று வாரங்களுக்குள் பத்து மையங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தனர். பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 வகைக் குறைபாடுகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்த குறைபாடு ஒன்றுகூட இல்லை. ஒரே உடல், பத்து அறிக்கைகள். நோயாளரைக் காணாமல், அவர் வரலாற்றை அறியாமல், தொலைவிலிருந்து படிக்கப்படும் படம் இப்படித்தான் தடுமாறும். ஆகவே அனுப்பும் மருத்துவர் சீட்டில் 'முதுகு வலி' என்ற இரு சொற்களோடு நிறுத்தாமல், தாம் எதை ஐயுறுகிறார் என்பதை எழுத வேண்டும்.

மருத்துவர்களிடமும், நம் மருத்துவமனை உட்பட எல்லா மருத்துவமனைகளிடமும் நான் எதிர்பார்ப்பவை மூன்று. கட்டணம் எல்லாரும் காணும் இடத்தில் பலகையில் எழுதப்பட வேண்டும். எங்கே படம் எடுப்பது என்பதை நோயாளரே முடிவு செய்யட்டும். சீட்டில் மையத்தின் பெயர் இருக்கக்கூடாது. எத்தனை படம் எழுதினார் என்பதைக் கொண்டு எந்த மருத்துவரின் உழைப்பும் அளக்கப்படக்கூடாது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள் என்பதே. இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள்? முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? சில வாரம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முன்பு எடுத்த படம் போதாதா? பணிவோடு கேட்கும் இக்கேள்விகளுக்கு எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ள மாட்டார். முதல் கேள்விக்கு விடை இல்லையென்றால், அந்தப் படத்துக்கு அவசரமும் இல்லை. அபாய அறிகுறி இல்லாத புதிய இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் படம் தேவையில்லை என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட வழிகாட்டல். பெரும்பாலோர்க்கு அதற்குள் வலி தணிந்துவிடுகிறது.

ஆனால் பின்வரும் அறிகுறிகள் இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள்: கால்களில் வலு குறைதல், அமரும் இடம் மரத்துப்போதல், சிறுநீர் வராமை அல்லது அடக்க முடியாமை. முதுகு வலியோடு காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்த அடி ஆகியவை இருந்தாலும் உடனே காட்டுங்கள். இதுவரை கண்டிராத கடுந்தலைவலி, புதிதாக வந்த வலிப்பு, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒருபுறம் கைகால் விழுதல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். பணம் இல்லை என்று அங்கே தயங்க வேண்டா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு உரியவை. அட்டை இருந்தால் வரும்போதே கொண்டுவாருங்கள். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியிடத்தைவிடக் குறைவு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரித்துவிட்டு வேறிடம் நாடுவதில் தவறில்லை.

படம் எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், உடன் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான மையங்களில் உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத வேளையிலும் அது விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் உறவினருக்குத் துணையாகச் சென்ற 32 வயது இளைஞர் ஒருவர், ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் சென்றபோது காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே ஊழியர் சொல்லாமல் உள்ளே செல்லாதீர்கள். தாலிச் சரட்டில் கோத்துவைத்த ஊக்கு, அரைஞாணில் கட்டிய தாயத்து, கொண்டை ஊசி, சாவி, கைபேசி ஆகியவற்றை வெளியே வைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதேனும் தெறித்த இரும்புத் துகள் ஆகியவை பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்த படத்தையும் குறுந்தகட்டையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படத்தைத் தவிர்க்க அவையே உதவும்.

கரும்பு வெட்டும் பெரியவர் கதையை முடிக்கவில்லை. அவருக்கு நான்காவது படம் எழுதவில்லை. "உங்க முதுகெலும்பு உங்க வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. நரம்பு ஒண்ணும் அறுந்துடாது. நாளையிலேருந்து நடங்க" என்றேன். முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் ஏரிக்கரை வரை என்று நடந்தார். இயன்முறை மருத்துவர் சில பயிற்சிகள் கற்பித்தார். இரண்டு மாதம் கழித்து, யாரும் தாங்கிப் பிடிக்காமல் தனியாகப் பேருந்தேறி வந்தார். வலி முழுதும் போகவில்லை, வேலைக்குப் போகிறார். "அந்தப் படத்தையெல்லாம் என்ன சார் பண்றது?" என்று கேட்டார். பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். தோட்டை மீட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "இன்னும் இல்லைங்க. அறுவடை முடியட்டும்" என்றார்.